மாத்திரை கைக்குக் கேட்டது, காலுக்குக் கேட்கவில்லை

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதற்கு முன்னால், அவர் குரல் எப்படி இருக்கிறது என்றுதான் காது கவனிக்கும். சளி பிடித்திருக்கிறதா, இரவு தூங்கவில்லையா, அழுதிருக்கிறாரா என்பதெல்லாம் முதல் இரண்டு வார்த்தைகளிலேயே தெரிந்துவிடும். பத்து வருடங்களுக்கு மேல் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்ததில் எனக்கும் இது ஒட்டிக்கொண்டது.

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், தொலைபேசியில் "அப்பா, கொஞ்சம் சத்தமா பேசுங்கப்பா" என்றேன். "சத்தமாத்தாம்மா பேசுறேன்" என்றார். அடுத்த வாரமும் அதே கதை. பழைய கைத்தொலைபேசியைக் குறை சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். புதியதிலும் அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்தது.

அது இயல்பான குரல் இல்லை. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் ரப்பர் நடப்பட்டது எங்கள் மலாக்காவில்தான். 1896-இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் போட்டார். அப்படி உருவான தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா மூன்றாம் தலைமுறை. விடிவதற்குள் பெரட்டு, பிறகு தலையில் விளக்கு, கையில் உளி, ஒரு நாளைக்கு 500 மரம். நிரையின் இந்தக் கோடியில் நின்று அவர் கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார் என்று அம்மா சொல்வார். தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் ஜாசினில் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் மாறவில்லை. நான் வானொலிக்கு வந்ததற்கே அந்தத் தொண்டைதான் காரணம் என்று உறவினர்கள் கேலி செய்வார்கள்.

அந்த வருடம் செங் சன்னாசிமலைக் கோவில் மாசி மகத்துக்குப் போயிருந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். அன்னதானத்துக்குக் காத்திருந்த நேரத்தில் அப்பாவின் வலது கை தொடை மேல் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த அந்தக் கைதான் ஆடிக்கொண்டிருந்தது. தட்டைத் தூக்கியதும் ஆட்டம் நின்றது. "கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா" என்று சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து நிபுணர் பெயர் சொன்னார்: பார்க்கின்சன்.

கைக்கு வந்த உயிர்

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817-இல் இந்த நோயை எழுதி வைத்தார். அவர் பிறந்த நாளான ஏப்ரல் 11-தான் இன்று உலக பார்க்கின்சன் தினம். மூளையின் அடியில், கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் அங்கே இருக்கின்றன. உடல் அசைவைத் தொடங்கவும் சீராக்கவும் டோபமின் வேண்டும். அந்த அணுக்கள் மெதுவாக மடிவதுதான் பார்க்கின்சன். கை நடுக்கம் வெளியே தெரியும் நேரத்தில் அவற்றில் பெரும் பங்கு ஏற்கெனவே போயிருக்கும்.

டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும்; உள்ளே போய் டோபமினாக மாறும். டோபமின் மூளையில் செய்யும் வேலையை சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் 1950-களில் கண்டுபிடித்தார். அதற்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1961-இல் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோபாவை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழியாகக் கொடுத்து நல்ல பலன் கண்டார். இன்றும் பார்க்கின்சனுக்கு முதன்மையான மருந்து அதுதான்.

அப்பாவுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். கோப்பிக் கோப்பையைச் சிந்தாமல் தூக்கினார். எழுத்து மறுபடி பெரிதானது. அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார். குரல் மட்டும் திரும்பவில்லை. எனக்கு அது உறுத்தியது. மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை.

ஏறக்குறைய மூன்று வருடம் நன்றாகவே போனது. பிறகு கால்கள் பிரச்சினையாயின.

முதலில் வாசற்படியில் நின்றார். அறையிலிருந்து கூடத்துக்கு வரும் கதவருகில் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். உடம்பு முன்னால் போகும், கால் வராது. குளியலறை முன்னால் ஒரு முறை, வீட்டுக்கு வெளியே சாக்கடை ஓரம் ஒரு முறை விழுந்தார். இரண்டாவது முறை நெற்றியில் ஐந்து தையல். மருந்தின் அளவைக் கூட்டினார்கள். கை இன்னும் நன்றாக ஆனது. கால் அப்படியே இருந்தது. மீண்டும் கூட்டினார்கள். இப்போது தலையும் தோளும் அவர் அறியாமலே நெளியத் தொடங்கின. குமட்டலும் வந்தது. கால் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

நான் சொன்ன 'சரி'

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடிப் பேசினோம். "இந்த மாத்திரையாலதான் அண்ணனுக்குக் காலு போச்சு" என்றார் அத்தை. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஒரு பொடி வாங்கி வந்திருந்தார். இயற்கை மருந்து, பக்கவிளைவு கிடையாது என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். "நீதான் ரேடியோவுல டாக்டருங்ககிட்ட பேட்டி எடுக்கிற. நீயே சொல்லு."

நான் யோசித்தேன். மருந்து வேலை செய்யவில்லை என்பது கண்ணெதிரே தெரிகிறது. பக்கவிளைவும் தெரிகிறது. "சரி, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம்" என்று சொன்னது நான்தான். சுகாதார நிகழ்ச்சிகளில் "மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று எத்தனையோ தடவை என் குரலிலேயே சொல்லியிருக்கிறேன்.

நாலாம் நாள் அம்மா அழைத்தார். அப்பா கட்டை போல் இறுகிக் கிடந்தார். காய்ச்சல் கொதித்தது. தண்ணீரை விழுங்க முடியவில்லை. கோலாலம்பூரிலிருந்து ஜாசினுக்கு எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் தசைகள் இறுகி, உடல் சூடு ஏறி, சிறுநீரகம் வரைக்கும் பாதிப்பு போகலாம், உயிரும் போகலாம் என்பதை அவசரப் பிரிவின் நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். பதினோரு நாள் அப்பா மருத்துவமனையில் இருந்தார்.

அந்தப் பொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் பூனைக்காலி இருப்பதாகச் சொன்னார்கள். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தாமோதரன், இராமசாமி, ஆண்டு 1937. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு கொடியை நம் செம்பனை, ரப்பர் தோட்டங்களில் மண்ணை மூடும் பயிராகப் போடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எத்தனை மில்லிகிராம் லெவோடோபா இருக்கிறது என்று எந்த டப்பாவும் எங்களுக்குச் சொல்லவில்லை. அளந்து கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு அளவு தெரியாத மருந்தைக் கொடுத்தோம். எங்கள் தவறு அதுதான். தோட்டத்துக் கொடியைப் பறித்து வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளைத் திட்டுகள்

அப்பா தேறிய பிறகு மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நரம்பியல் மருத்துவர், வயதில் என்னைவிடச் சின்னவராக இருப்பார், திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறப் படத்தில் நடுவிலிருக்கும் நீரறைகளைச் சுற்றியும், அதற்கு வெளியேயும், சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

மூளையின் வெளிப்புற மடிப்புகளும் நடுவிலுள்ள சில முடிச்சுகளும் சாம்பல் பொருள். நரம்பணுக்களின் உடல்கள் அங்கே இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நீண்ட இழைகளின் தொகுதிதான் வெண்பொருள். இழைகளுக்கு மேல் கொழுப்பு உறை இருப்பதால் வெளுப்பாகத் தெரிகிறது. மின்கம்பிக்கு ரப்பர் உறை போட்டிருப்பது போலத்தான். டென்மார்க்கில் 2003-இல் வெளியான ஒரு ஆய்வு, 20 வயது ஆணின் மூளையில் இந்த இழைகளின் மொத்த நீளம் சுமார் 176,000 கிலோமீட்டர் என்று கணக்கிட்டது. பூமியை நாலு முறை சுற்றி வரலாம். வயது ஏற ஏற அது குறைகிறது. 80 வயதில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம்.

இந்த இழைகளுக்கு இரத்தம் கொண்டுபோவது முடியைப் போன்ற மெல்லிய நாளங்கள். பல வருட உயர் இரத்த அழுத்தம், இனிப்புநீர், புகை, முதுமை இவற்றால் அந்த நாளங்களின் சுவர் தடித்து உள்வழி சுருங்குகிறது. இரத்தம் போதாத இடத்தில் உறை தேய்கிறது, இழை நைகிறது. அந்த இடம்தான் படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. பசேகாஸ் அளவுகோல் என்று பெயர். அப்பாவுக்கு 2.

"உங்க அப்பாவுக்குப் பார்க்கின்சன் இருக்கு. அதுல சந்தேகம் இல்ல. அதுக்கு மேல இதுவும் இருக்கு" என்றார் மருத்துவர். கை நடுக்கமும் விறைப்பும் பெரும்பாலும் டோபமின் குறைவால் வருபவை. மருந்து அங்கே பலன் தரும். நடையும் சமநிலையும் அப்படி இல்லை. நெற்றிப் பக்கத்து மூளை, நடுமுடிச்சுகள், மூளைத்தண்டு, முதுகுத்தண்டு எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. அவற்றை இணைக்கும் கம்பிகள் வெண்பொருள் வழியாகத்தான் ஓடுகின்றன. கம்பி தேய்ந்த இடத்தில் டோபமினைக் கூட்டினாலும் செய்தி முழுதாகப் போய்ச் சேராது.

அப்பா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாலு இருக்கும்மா. லாரி வர்ற ரோட்டைத்தான் மழை அடிச்சிட்டுப் போயிருச்சு." மருத்துவருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலை அறுந்துபோனால், வெட்டிய பால் வாளியிலேயே கட்டியாகிவிடும். இனி தன் மாணவர்களுக்கும் இப்படியே சொல்லிக்கொடுப்பேன் என்றார் அவர்.

ஆய்வுகள் சொல்வது

வீட்டுக்கு வந்து நான் தேடிப் படித்தேன். இது புதிய சந்தேகம் இல்லை. நாளங்கள் கெட்டுப்போவதால் பார்க்கின்சன் போன்ற தோற்றம் வரலாம் என்று லண்டன் நரம்பியலாளர் மெக்டொனால்ட் கிரிட்ச்லி 1929-லேயே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்குக் கைகள் ஓரளவு நன்றாக இருக்கும், கால்தான் அதிகம் பாதிக்கும், லெவோடோபாவின் பலனும் பொதுவாகக் குறைவு. அப்பாவின் நிலை வேறு. அவருக்கு உண்மையான பார்க்கின்சனும் இருக்கிறது, நாளக் கோளாறும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களைப் பற்றி 2011-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போனன், ஆல்பின் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். டோபமின் குறைவு ஒரு பக்கம் இருக்க, வெண்பொருள் பாதிப்பும் தன் பங்குக்கு நடை, சமநிலை, சிந்தனை வேகம் ஆகியவற்றைக் கெடுக்கிறது என்பது அதன் சாரம்.

இதில் எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. திட்டுகள் அதிகமுள்ளவர்களுக்கு நடையில் மருந்தின் பலன் குறைவு என்று சிலவும், பெரிய வித்தியாசம் இல்லை என்று சிலவும் சொல்கின்றன. திட்டு எவ்வளவு இருக்கிறது என்பதோடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். லண்டன் குழு ஒன்று, நாளக் கோளாற்றால் வந்த பார்க்கின்சன் என்று இறப்புக்குப் பின் மூளையைப் பார்த்து உறுதிசெய்த 17 பேரின் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு லெவோடோபா நன்றாகவே வேலை செய்திருந்தது. ஆகவே, படத்தில் வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் 'இனி மாத்திரை வீண்' என்று முடிவு கட்டக்கூடாது. அறுபது வயதைத் தாண்டிய பலருக்கு ஓரிரு திட்டுகள் இருப்பதும் சகஜம்தான்.

நான் புரிந்துகொண்டது இதுதான்: மருந்து எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்று தொடக்கத்திலேயே குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், காலுக்குப் பலன் இல்லை என்ற ஏமாற்றத்தில், கைக்கு வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தையும் நிறுத்திவிடுவோம். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

பிஸ்கட் டின்

மருத்துவர் அன்று இன்னொரு கேள்வியும் கேட்டார். "பிரஷர் மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறார்" என்றார் அம்மா. அப்பா சுவரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தோம். ஒரு பிஸ்கட் டின் நிறைய மாத்திரை அட்டைகள். பதினோரு வருடமாக இரத்த அழுத்தத்துக்கும் இனிப்புநீருக்கும் கிளினிக்கில் கொடுத்தவை. தலைவலி இருந்தால் சாப்பிடுவார், இல்லாவிட்டால் டின்னில் போடுவார். "ஒடம்புதான் நல்லா இருக்கே, எதுக்கு மாத்திர?" என்பது அவர் வாதம். பார்க்கின்சன் மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார், ஏனென்றால் அதன் பலன் கையில் தெரிந்தது. பிரஷர் மாத்திரையின் பலன் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சாப்பிடாமல் விட்டதன் பலன்தான் அன்று திரையில் வெள்ளையாகத் தெரிந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்தில் மூன்று மலேசியர்களுக்கு உயர் இரத்த அழுத்தம். நம்மில் பலர் இந்த இரண்டையும் 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று விட்டுவிடுகிறோம். மாரடைப்பு, பக்கவாதம், கால் விரல் இழப்பு என்றால் பயப்படுகிறோம். நடையைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

தேய்ந்த இழையைப் புதிதாக்கும் மருந்து இல்லை. ஆனால் தேய்வதன் வேகத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவில் சுமார் 450 பேரின் மூளைப் படங்களை ஏறக்குறைய நான்கு வருட இடைவெளியில் எடுத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே வைத்திருந்தவர்களுக்குத் திட்டுகளின் கன அளவு சராசரியாக 1.45 கன சென்டிமீட்டர் கூடியது. 120-க்குக் கீழே வைத்திருந்தவர்களுக்கு 0.92 மட்டுமே கூடியது. அந்த ஆய்வில் நீரிழிவு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளுக்கென்று செய்ததும் இல்லை. அதனால் 120 என்ற எண்ணை எல்லாருக்கும் அப்படியே பொருத்த முடியாது. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரையைத் தானாகக் கூட்டினால் அதனாலேயே விழுவார்கள். அப்பாவுக்கு இப்போது படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்றபின் ஒரு தடவை என்று இரண்டு முறை அளந்து எழுதி வைக்கிறோம். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் அளவைத் தீர்மானிக்கிறார்.

காலுக்கு வேறு வழி

மருந்துக்குக் கேட்காத காலுக்கு உடற்பயிற்சி நிபுணர் வேறு வழி காட்டினார். தானாக நடக்கும் பாதை கெட்டிருந்தாலும், கண்ணும் காதும் தரும் துணையோடு மூளை வேறு பாதையில் போக முடியும். கதவருகில் தரையில் ஓரடிக்கு ஒன்றாக வெள்ளை நாடா ஒட்டினோம். 'கதவைத் தாண்டு' என்றால் நிற்கிற கால், 'கோட்டைத் தாண்டு' என்றால் எழுகிறது. முதல் நாள் அப்பா நாலு கோட்டைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தபோது அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்தது தாளம். சீரான தாளத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தால் பார்க்கின்சன் உள்ளவர்களின் நடை வேகமும் அடியின் நீளமும் மேம்படுகின்றன என்பது 1990-களிலிருந்தே ஆய்வுகளில் காட்டப்பட்டது. இது என் துறை! அப்பாவின் நடையை எண்ணிப் பார்த்து, நிமிடத்துக்கு 90 தட்டு என்று நிலையத்தில் ஒரு ஒலிப்பதிவு செய்தேன். வெறும் தட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. "செத்த வீட்டு மேளம் மாதிரி இருக்கு" என்றார். பழைய எம்.ஜி.ஆர். படப் பாடல்களில் அந்த வேகத்துக்கு ஒத்து வருபவையாகத் தேடி அடியில் தட்டைச் சேர்த்தேன். இப்போது காலையும் மாலையும் தாமான் திடலைச் சுற்றுகிறார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணன் கூடவே வருகிறார். பாட்டு அவருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

மாத்திரை நேரத்தையும் மாற்றினோம். முன்பெல்லாம் பசியாறும்போது இட்லி, சாம்பாரோடும் ஒரு குவளை மாவுப்பாலோடும் மாத்திரையைக் கொடுப்போம். பாலிலும் பருப்பிலும் இருக்கும் புரதம் குடலில் லெவோடோபாவோடு போட்டி போட்டு, மருந்து உள்ளே போவதைத் தாமதப்படுத்தும். இப்போது பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகத் தண்ணீரோடு கொடுக்கிறோம். குமட்டினால் ஒரு துண்டு வெறும் பிஸ்கட்.

குரலுக்கும் பயிற்சி உண்டு. 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரில் உருவான முறை அது. முக்கியமான பாடம் ஒன்றுதான்: சத்தமாகப் பேசுங்கள். தாங்கள் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றும். அந்த அளவு மாறிப்போயிருக்கும். "சத்தமாத்தாம்மா பேசுறேன்" என்று அப்பா அன்று சொன்னது பொய் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உங்கள் வீட்டிலும் பார்க்கின்சன் உள்ளவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நான்கு கேள்விகளைக் கொண்டுபோங்கள். இந்த மாத்திரை எந்த அறிகுறிக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது? கேட்காதவற்றுக்கு வேறு என்ன செய்யலாம்? மூளைப் படம் எடுத்திருந்தால் சிறு நாளங்களின் பாதிப்பு அதில் தெரிகிறதா? இரத்த அழுத்தமும் இனிப்பும் இவருக்கு எந்த அளவில் இருக்க வேண்டும்? வெட்கப்படாமல் கேளுங்கள். மலாயில் கேட்கச் சிரமமாக இருந்தால் பிள்ளைகள் யாராவது கூடப் போங்கள். மலேசிய பார்க்கின்சன் நோய்ச் சங்கம் கோலாலம்பூரில் இயங்குகிறது. நோயாளிகளுக்கும் பராமரிப்பவர்களுக்கும் அது துணை. மருந்தை நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். நான் அந்த அழைப்பைச் செய்யவில்லை.

அப்பாவின் கால் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நெரிசலான இடத்தில் இன்னும் நிற்கிறது. இந்த வருடம் செங்குக்குச் சக்கர நாற்காலியில்தான் அழைத்துப் போனோம். முதலில் கோபப்பட்டார், பிறகு பழகிவிட்டார். ஆனால் கடந்த பதினான்கு மாதத்தில் ஒரு முறைகூட விழவில்லை. பிஸ்கட் டின்னில் இப்போது உண்மையாகவே பிஸ்கட் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்துவிட்டு வந்ததும், குரல் பயிற்சிக்காக இந்த நாளிதழை முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிப்பார். அம்மா சமையலறையிலிருந்து "கேக்கல!" என்று கத்துவார். அவர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். இந்தப் பக்கத்துக்கு வரும்போது அந்தப் பிஸ்கட் டின் விஷயத்தை ஊருக்கே சொல்லிவிட்டேன் என்று என்னைத் திட்டுவார். திட்டட்டும். ஜாசினிலிருந்து கோலாலம்பூருக்குக் கேட்கிற மாதிரி திட்டட்டும்.